டிஸ்க்கில் வைத்த பொட்டு

துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதி நிறையப் படித்திருக்கிறேன். சி.டி. வாடகைக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் யாரும் எழுதி நான் படித்ததில்லை. அப்படி ஒரு வேலை இருந்ததா என்றே இப்போது கேட்கிறார்கள். இருந்தது. டோல்கேட்டுக்குப் பக்கத்தில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு கடையில் நான்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நான் வேலை செய்தது ஒரு ஜெராக்ஸ் கடையில். அங்கே என்னோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் படம் பார்ப்பார்கள். நடுவில் படம் நின்று வட்டம் ஒன்று சுற்றும். "செம பேஜாரா கீதுக்கா" என்று என்னிடம் முறையிடுவார்கள். எனக்கு அவர்கள்மேல் இரக்கமே வந்ததில்லை. ஒருநாள் வாய்விட்டு, "இதுக்கே இப்பிடின்னா, நீங்கெல்லாம் சி.டி. காலத்துல தாங்கியிருக்க மாட்டீங்க" என்றேன். அப்படி என்ன இருந்தது, சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். பாதி சொல்வதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கடை முதலாளியை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டை கிழிந்திருக்கிறதா, பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பதிலேயே அவர் வாழ்க்கை கழிந்திருந்தது. அந்தக் கண்ணோடுதான் கடைக்கும் வந்தார். டிஸ்க்குகள் எல்லாம் அவருக்குச் சரக்கு. படம் ஒன்றையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு இன்னாத்துக்கு? கோணில வந்த சர்க்கரைய நான் நக்கியா பாத்தேன்?" என்றார்.

என் பயிற்சி ஒரே காலையில் முடிந்துவிட்டது. ராயபுரத்தில் ஒரு துணிக்கடையில் அளந்து கிழித்துக்கொண்டிருந்த எனக்கு, நைனா தன் பழைய வேட்டியைக் கொடுத்து உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். "நூல் பிரியாம கிழிக்கிற. நீ இருக்கலாம்" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

திரும்பி வருகிற டிஸ்க்கை வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. ஓரத்தில் மட்டும் விரல் பட வேண்டும். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். கறை இருந்தால் வேட்டித் துண்டால், நடுத் துளையிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். தட்டைக் கழுவுகிற மாதிரி வட்டமாகத் துடைத்தால் நைனா சத்தம் போட மாட்டார். டிஸ்க்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நான் அங்கே இல்லாததுபோல் அவரே துடைப்பார். அதற்குத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

"வட்டமா கோடு வுழுந்தா படம் அந்த ரோட்டுலயே மாட்டிக்கும். குறுக்கால வுழுந்தா தாண்டிப் பூடும்" என்பது அவர் சொன்ன ஒரே விளக்கம். துடைத்த பிறகு கடை பிளேயரில் போட்டுத் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போட வேண்டும்.

எங்கள் பகுதி மக்கள் டிஸ்க்கை மிகுந்த அக்கறையோடு கெடுத்தார்கள். சிக்கி நின்றால் பற்பசை தேய்ப்பார்கள், வாழைப்பழத் தோலால் துடைப்பார்கள், விபூதி தடவுவார்கள். ஒரு அம்மாள் பாத்திரம் தேய்க்கிற தூளும் நாரும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். டிஸ்க் பளிச்சென்று இருந்தது, படம் மட்டும் இல்லை. எண்ணூர் பக்கத்து வீடுகளில் சாம்பலும் உப்புக் காற்றும் பிளேயருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் வேறு சங்கடம். டி.வி.யையும் பிளேயரையும் பீரோ மேல் வைத்திருப்பார்கள். கன்டெய்னர் லாரி போனால் பீரோ அதிரும், கதாநாயகன் ஒரு பாட்டைத் தாண்டி அடுத்த காட்சிக்குப் போய்விடுவான். பிளேயருக்கு அடியில் தலையணை வைக்கச் சொல்லி நாங்கள் ஆலோசனை கொடுத்தோம். தலையணை வைத்தவர்கள் பிளேயர் சூடாகிவிட்டது என்று வந்தார்கள்.

ஒரு படம் இரண்டு டிஸ்க்கில் வரும். முதலாவது, யாராவது ஏதாவது சொல்ல வாய் திறக்கும்போது முடியும். இரண்டாவது, உறைக்குள் இருந்தால், அங்கிருந்து தொடரும். சில நேரம் உள்ளே வேறு படத்தின் டிஸ்க் இருக்கும். மாத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒருவருக்கு அப்படி மாறிப்போய்விட்டது. முதல் டிஸ்க்கில் கல்யாணம் நிச்சயமான பெண் இரண்டாவதில் இல்லவே இல்லை, யாரோ ஒரு பேய் வந்தது. அவர் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாலக்கா, சேத்துப் பாத்தா கதை கரெக்டாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். எம்.கே.பி. நகர்க்காரர் ஒருவர், கரண்ட் போய் டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டதால், பிளேயரையே போர்வையில் சுற்றி சைக்கிளில் கொண்டுவந்தார். உரிய நேரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற நாணயம்.

யார் புகார் சொன்னாலும் நைனா மூன்று கேள்வி கேட்பார். எந்த டிஸ்க், எந்த இடம், எந்த பிளேயர். பிறகு டிஸ்க்கைத் துடைத்துக் கடை பிளேயரில் போடுவார். அது ஓடிவிடும். வீட்டில் சிக்குவது கடையில் ஓடும்போது வாடிக்கையாளர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் வலி நின்றுபோனவர்களைப் போல் நிற்பார்கள். நைனா அவர்களைக் குறை சொன்னதில்லை. எதற்காகப் படத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள், அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று எதையும் கேட்கக் கூடாது என்பது கடைச் சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் மீறியது ஒரே ஒரு படத்துக்காக. அதன் பெயர் வேண்டாம். எடுத்தவர்களே மறந்திருப்பார்கள். சில காட்சிகளைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்திருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு எங்கள் பகுதியில் வேறு மதிப்பில்லை. அதன் இரண்டாவது டிஸ்க் ஒருநாள் திரும்பி வந்தபோது, பளபளக்கும் பக்கத்தில், துளைக்கும் ஓரத்துக்கும் நட்டநடுவில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது.

புதுப்பட டிஸ்க் வந்தால் ரசிகர்கள் கற்பூரம் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கதாநாயகனுக்கு அவர் வீட்டிலேயே ரசிகர்கள் இருந்திருக்க மாட்டார்கள். துடைத்து வைத்தேன். அடுத்த முறையும் பொட்டோடு வந்தது. அதற்கடுத்த முறையும் வந்தது. எடுத்துப் போனது ஒரே ஆள்தான். கன்னியம்மா என்று பெயர், காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை. நைனாவிடம் பொட்டைக் காட்டினேன். "தொடச்சிட்டு வெய்யி" என்றார்.

பிறகு அவளே புகாரோடு வந்தாள். நைனா கேட்க ஆரம்பித்தார்.

"எந்த டிஸ்க்?"

"ரெண்டாவது, நைனா."

"எந்த எடம்?"

"கடல்லருந்து போட்டு வந்து நிக்குதே, ஐஸ் கூடைய இஸ்துகினு வருவாங்களே, அந்த எடம். அதுக்கு மின்னாடியே நின்னுடுது. அப்பால தாவுது. தாவி வுழுந்தா சண்ட நடந்துகினு கீது."

"எந்த பிளேயர்?"

"பக்கத்து வூட்டுது."

நைனா துடைத்துப் போட்டார். வழக்கம்போல் ஓடியது. படகிலிருந்து கதாநாயகன் இறங்குகிறான். அவனுக்குப் பின்னால், திரையின் இடது மேல் மூலையில், ஐஸ் கூடை இழுத்துக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். அதில் ஒருவர் திரும்பி நேராக எங்களைப் பார்த்தார். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று படப்பிடிப்பில் தொண்டை வறளச் சொல்லியிருப்பார்கள். அவர் பார்த்தார். அடுத்த நொடி கதாநாயகனின் தோள் அவரை மறைத்துவிட்டது.

"தோ, அவருதான்" என்றாள் கன்னியம்மா. "என் வூட்டுக்காரரு."

கடையில் வேறு யாரும் இல்லை. அவள் டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னாள். குடிசை எரிந்தபோது கல்யாணப் போட்டோவிலிருந்து எல்லாம் போய்விட்டது. அதற்கப்புறம் மஞ்சள் காமாலையில் அவரும் போய்விட்டார். பெண் குழந்தைக்கு அப்போது தவழுகிற வயது. இந்தப் படத்தை அவள் அவரோடு தியேட்டரில் பார்த்திருக்கிறாள். அவர் முகம் இருப்பது உலகத்தில் இந்த ஒரு இடத்தில்தான்.

"பொண்ணுக்குக் காட்டறேன்னு ஒவ்வொரு வாட்டியும் குந்த வெக்கிறேன், நைனா. போட்டு வருது, நின்னுடுது, அப்பால சண்ட. இப்ப அது இன்னா சொல்லுது தெரியுமா? எங்கப்பா படத்துலலாம் வரமாட்டாரு, அம்மா பொய் சொல்லுதுன்னு தெரு பூரா சொல்லிகினு திரியுது."

"நாளைக்குக் கொழந்தைய இங்க இஸ்துகினு வா. நம்ம பிளேயர்ல ஓடும்" என்றார் நைனா. டிஸ்க்கை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் குழந்தைக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, நல்ல கவுன் மாட்டி அழைத்துவந்தாள். நைனா அதற்கு ஸ்டூல் போட்டார். நான் டிஸ்க்கை வாங்கினேன். பொட்டு இருந்தது. துடைத்துப் போட்டோம். படகு வந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நின்றது. தாவியது. சண்டை. நைனாவின் பிளேயரில் ஒரு டிஸ்க் சிக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழந்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே. எனக்கு அந்த நிமிடம் கடையை மூடிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் கேட்டேன். "ஏம்மா, இதுல ஏன் பொட்டு வெக்கிற?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "செத்தவங்க போட்டோக்கு வெக்கறதில்லையாக்கா? அவரு இதுலதானே கீறாரு."

"அதனாலதாம்மா சிக்குது. வெச்சே ஆகணும்னா அந்தப் பக்கம் வெய்யேன். மேல் பக்கம் வெச்சா ஒண்ணும் ஆவாது."

"அந்தப் பக்கம் ஹீரோ மூஞ்சி போட்டுகீது. அந்தாளுக்கு நான் ஏன் பொட்டு வெக்கணும்?"

பிறகு அவள் சொல்லித்தான் தெரிந்தது. படம் போடுவதற்கு முன்னால் குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றி, பொட்டு வைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைப் பிளேயரில் போட்டிருக்கிறாள். அவள் வைக்க வைக்க நான் துடைத்திருக்கிறேன். துடைக்கத் துடைக்கக் கோடு விழுந்திருக்கிறது.

வேறு டிஸ்க் தேடி நைனா பர்மா பஜார் வரைக்கும் போனார். படத்தின் பெயரைச் சொன்னதும் அப்படி ஒரு படமா என்று கேட்டார்களாம். வெறுங்கையோடு வந்தவர், அன்று பகல் முழுக்க ஈர வேட்டித் துண்டை வைத்துக்கொண்டு அந்த ஒரு டிஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த இடம் மறுபடி ஓடியது. இரண்டு தடவைக்கு ஒரு தடவை ஓடியது என்பதுதான் சரி. "இது ரொம்ப நாள் தாங்காது, ஸ்டெல்லா. அவரு தேவசத்துக்குள்ள போட்டோ புடிச்சிடணும்" என்றார் என்னிடம். வாடிக்கையாளர் வீட்டுத் திவசம் எப்போது என்று அவர் எப்போது கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை.

ராயபுரத்தில், சர்ச்சில் புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளைப் போட்டோ எடுக்கிற பீட்டரை நான் அழைத்துவந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிக் கடையை இருட்டாக்கினோம். படம் ஓடும்போது எடுத்தால் முகம் கலங்கும், குறுக்கே ஒரு கறுப்புப் பட்டையும் விழும் என்றார் பீட்டர். நிறுத்திவைத்துத்தான் எடுக்க வேண்டும். நைனா ரிமோட்டை வைத்துக்கொண்டு ஆள் திரும்பும் இடத்தில் அமுக்கினார். படம் நின்றது. கூடவே, நிறுத்தியிருக்கிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் இடது மேல் மூலையில் பச்சையாக இரண்டு கோடு வந்தது. நேராக அவர் நெற்றியில்.

பீட்டர் கேமராவுக்குள் பார்த்தபடி, "நாமம் போட்ட மாதிரி கீது நைனா" என்றார்.

"அவரு பட்டை போடறவரு" என்றாள் கன்னியம்மா.

அந்தக் கோடுகளை மறைக்க ரிமோட்டில் ஒரு பட்டன் உண்டு. எங்கள் ரிமோட்டில் வேலை செய்யாதது அந்த ஒரு பட்டன்தான். கடை முழுக்க டிஸ்க் வைத்துக்கொண்டு ஒரு முகத்தை நிறுத்திக் காட்ட வழியில்லாமல் நாங்கள் நான்கு பேரும் நின்றோம். ஸ்டூலில் இருந்த குழந்தை கொட்டாவி விட்டது.

"நைனா" என்றாள் கன்னியம்மா. "பொட்டு வெச்சா தானா நிக்குமே. அப்ப இந்தக் கோடு வராதே."

நைனா அவளைப் பார்த்தார். ரிமோட்டைக் கீழே வைத்தார். "ஸ்டெல்லா, பூக்கடைல சந்தனம் குங்குமம் கேட்டு வாங்கினு வா" என்றார். டிஸ்க்கின் அந்தப் பக்கத்தில் விரல் வைக்கலாம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

டிஸ்க்கில் படம் துளைப் பக்கம் தொடங்கி ஓரத்துக்குப் போகும். அதனால் பொட்டை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ற காட்சியில் நிற்கும். கன்னியம்மா தன் வழக்கமான இடத்தில் வைத்தாள். காலிப் படகில் நின்றது. நான் துடைத்தேன், துளையிலிருந்து ஓரத்துக்கு, நேராக. கொஞ்சம் தள்ளி வைத்தாள். கதாநாயகன் முகத்தில் நின்றது. "இவரு வேணாம்ல?" என்று பீட்டர் கேட்டார். வேண்டாம் என்றோம். மறுபடி துடைத்தேன். நைனா குனிந்து, கப்பலில் கிரேன்காரருக்குக் கை காட்டுகிற பழக்கத்தில் இரண்டு விரலைச் சேர்த்து மெல்ல உள்ளே அசைத்தார். "உள்ள வா. போதும், ரொம்ப வராத. ஒரு நூல் வெளிய. அங்கதான். வெய்யி."

வைத்தாள். படகு வந்தது. கட்டங்கள் வந்தன. பிளேயருக்குள் ஏதோ டக் டக்கென்று அடித்துக்கொண்டது. படம் நின்றது.

அவர் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோளும் கூடையும் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. முகம் மட்டும் முழுசாக இருந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லை. பீட்டர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

குழந்தை ஸ்டூலிலிருந்து இறங்கி டி.வி.க்குக் கிட்டே போனது. "இவரு இன்னாத்தம்மா பாக்கறாரு?"

"உன்னத்தான் பாக்கறாரு" என்றாள் கன்னியம்மா.

கொஞ்ச நேரத்தில் திரை நீலமாகிவிட்டது. உள்ளே டிஸ்க் இல்லை என்று எழுத்து வந்தது. டிஸ்க் உள்ளேதான் இருந்தது. அதற்குப் பிறகு அது எந்த பிளேயரிலும் ஓடவில்லை. நைனா அதைத் துடைக்காமல், பொட்டோடு, உறையில் போட்டு கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

திவசத்துக்கு எங்களையும் அழைத்திருந்தாள். நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒரே அறை வீடு. சுவரில் சட்டம் போட்டு, மாலை போட்டு அவர் மாட்டப்பட்டிருந்தார். வாசலில் குழந்தை தெருப்பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. "எங்கப்பா. படத்துல வந்தாரு. என்னத்தான் பாக்கறாரு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னது. கன்னியம்மா விளக்கேற்றிவிட்டு வந்து, கண்ணாடியின்மேல் அவர் நெற்றியில் சந்தனம் வைத்தாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

அத்தனை வருஷப் பழக்கம். பளபளப்பான ஒன்றின்மேல் பொட்டைப் பார்த்ததும் என் கை தானாக முந்தானையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டது. நைனா என் முழங்கையைத் தொட்டார்.

"இங்க தொடைக்கக் கூடாது, ஸ்டெல்லா" என்றார் மெதுவாக.

எடுத்த முந்தானையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.